ஹனுக்காவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெறுங்கையோடு போகலாமா?

கேள்வி:

நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, வேலை விசாவில் வந்தவரின் துணைக்குக் கொடுக்கும் எச்-4 விசா. பக்கத்து வீட்டு யூதக் குடும்பம், தினம் ஒரு திரி கூட்டி விளக்கேற்றும் எட்டு நாள் பண்டிகையான ஹனுக்காவின் ஐந்தாம் நாள் மாலை குழந்தைகளோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று அவர்கள் வீட்டில் யாருக்கும் பரிசு கிடையாதாம், பிள்ளைகள் உண்டியலைத் திறந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்களாம். "ஒன்றும் வாங்கி வராதீர்கள்" என்றார் அந்த அம்மா. அதெப்படி வெறுங்கையோடு போவது? அதிரசம் சுட்டுக்கொண்டு போகலாமா? உண்டியலில் போடுவதென்றால் எவ்வளவு?

பதில்:

அதிரசம் வேண்டாம், பட்டவள் சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஹைலண்ட் பார்க்கில் எங்கள் முதல் குளிர்காலம். எதிர்வீட்டுக்கு ஒரு சம்படம் நிறைய முறுக்கு கொண்டு போனேன். அந்த அம்மா சிரித்த முகத்தோடு வாங்கி, வாசலோரம் இருந்த மேசையிலேயே வைத்துவிட்டார். அடுக்களைக்குள் போகவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. தீட்டு பார்க்கிறார்களோ என்று இரவெல்லாம் பொருமிக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. கோஷர், அதாவது யூத உணவு விதி, பார்க்கிற வீட்டில் பண்டத்தில் என்ன சேர்ந்தது என்பதோடு, எந்தச் சட்டியில் பொரித்தது என்பதும் கணக்கு. "சைவம்தானே" என்பது அங்கே செல்லாது.

எல்லா யூத வீட்டிலும் இப்படி இல்லை. நேரே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் வெட்டாத முழுப் பழம் கொண்டு போங்கள். இல்லையென்றால் வட்டத்துக்குள் 'யூ' எழுத்து (கோஷர் முத்திரை) அச்சிட்ட, பிரிக்காத பெட்டி ஏதாவது. சாப்பிட அவர்களே லாட்கே என்ற உருளைக்கிழங்கு அடையும் ஜாம் வைத்த டோனட்டும் எண்ணெயில் பொரித்து வைத்திருப்பார்கள், வயிற்றில் இடம் விட்டுப் போங்கள்.

இந்த வருடம், 2026-ல், முதல் திரி டிசம்பர் 4 வெள்ளி மாலை. ஐந்தாவது 8-ஆம் தேதி செவ்வாய், ஆகவே உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஷபாத் என்ற வார ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் வீட்டில் வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும்வரை காசைத் தொட மாட்டார்கள், போனும் எடுக்க மாட்டார்கள். வசூல், நன்கொடைப் பேச்சையெல்லாம் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு போடுவது? நாம் மொய்யில் 101, 501 என்று வைப்போம் இல்லையா? அவர்களுக்கு 18. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'உயிருள்ள' என்று பொருள்படும் சொல்லின் இரண்டு எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். அதனால் 18, 36, 54, 180 என்று கொடுப்பார்கள். மொய் நோட்டு மாதிரி யாரும் எழுதி வைப்பதில்லை, பயப்படாதீர்கள்.

அப்புறம், அவர்கள் வாயில் 'ஸெடாக்கா' என்ற சொல் அடிக்கடி வரும். தானம் என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்வோம். அதன் வேரில் இருப்பது நீதி. அதாவது கொடுப்பது பெருந்தன்மையில் சேராது, கடமையில் சேரும். தானம் வாங்கிப் பிழைக்கிறவரும் அதில் கொஞ்சம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இது எனக்குப் புத்தி சொல்லி வரவில்லை, ஒரு குளிர் கோட்டு வழியாக வந்தது.

அந்த முதல் டிசம்பரில் என் பிள்ளைகள் சென்னையில் வாங்கிய மெல்லிய ஸ்வெட்டரோடு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றார்கள். ஹனுக்கா வாரத்தில் ஒரு நாள் கதவைத் திறந்தால் ஒரு பை. உள்ளே இரண்டு தடித்த கோட்டு, இரண்டு ஜோடி கையுறை. அளவு அச்சு அசல். பெயர் இல்லை, சீட்டு இல்லை. எங்களை யாரோ ஏழை என்று நினைத்துவிட்டார்கள் என்று எனக்கு ரோஷம், திருப்பிக் கொடுக்கலாமென்றால் யாரிடம் கொடுப்பது? எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "கோட்டா, அழகாக இருக்கிறதே" என்றார், அவ்வளவுதான். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகுதான் படித்தேன். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், எகிப்தில் வைத்தியராகவும் இருந்தவர், கொடுப்பதை எட்டுப் படியாகப் பிரித்திருக்கிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியாதது மேலிருந்து மூன்றாவது. இருவருக்குமே தெரியாதது இரண்டாவது. முதல் படியோ கடன், கூட்டு வியாபாரம், வேலை: ஒருவர் இனிமேல் கையேந்த வேண்டாதபடி நிறுத்திவிடுவது. கடனைப் போய்த் தானத்துக்கு மேலே வைத்திருக்கிறாரே என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது.

இது ஏட்டோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் 1892-ல் தொடங்கிய ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி இன்றும் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது, யூதராக இருக்க வேண்டியதில்லை. நியூயார்க் பக்கம் குடியிருப்பவர்களுக்குத்தான், ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். எடிசனில் இருக்கும் உங்களுக்கு உதவாது, ஆனால் நியூயார்க்கின் குயின்ஸில் சொந்தக்காரர் யாராவது கிரெடிட் கார்டு வட்டியில் மாட்டிக்கொண்டிருந்தால் சொல்லி வையுங்கள்.

கையில் காசு குறைவு என்றால் நேரத்தைக் கொடுக்கலாம். எச்-4-இல் சம்பளமில்லாத தொண்டு வேலைக்குத் தடையில்லை. ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை இலவசமாகச் செய்தால் சிக்கல். உணவு வங்கியில் பொட்டலம் கட்டுவது, முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது போன்றவை சரி. யூதர்கள் பலர் டிசம்பர் 25 அன்று இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய், கிறிஸ்தவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று வேலையை ஏற்றுக்கொள்வார்கள். நீங்கள் பிப்ரவரியில் போங்கள். கொண்டாட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் ஆள் தேவைப்படும்.

கேட்டவர்:

நன்றி அக்கா. ஆரஞ்சு வாங்கிவிட்டேன். 18 போதுமா, 36 போடட்டுமா? அப்புறம் அந்தக் கோட்டு என்ன ஆயிற்று?

பதில்:

18 தாராளம். நீங்கள் போடாதீர்கள், சின்னவன் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கோட்டு இரண்டு வருடம் உழைத்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் துவைத்து, பையில் போட்டு, புதிதாக வந்திருந்த ஒரு வீட்டு வாசலில் வைத்தேன். எந்த வீடு என்று கேட்காதீர்கள்.