விளையாட்டுலகில் எக்ஸ்ப்ளோரேஷன்: ‘துழாவல்’ என்னும் சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

இணையவழி விளையாட்டுகளில் வரும் ‘எக்ஸ்ப்ளோரேஷன்’, அதாவது ஆட்டக்காரர் விளையாட்டின் உலகைத் தாமே அறிந்துகொள்ள முனைவது, என்பதற்குப் புத்தாய்வு, உலாவல், தேடல் ஆகிய மூன்று சொற்கள் இவ்விழையில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. ஆயினும் ஆட்டக்காரர் உண்மையில் செய்வது என்ன, உலகை வடிவமைப்பவர் அவரிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார் என்று பார்த்தால் மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் குறைபடுகின்றன. ஆகவே ‘துழாவல்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன்.

‘தேடல்’ என்றால் தேடப்படும் பொருள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டுகளில் அது ‘குவெஸ்ட்’, அதாவது ஆட்டக்காரருக்கு இலக்குக் குறித்துத் தரப்படும் பணி, என்பதற்கே பொருத்தமானது, அங்கே அதை விட்டுவைப்பதே நல்லது. ‘உலாவல்’ இணைய உலாவியோடு (பிரௌசர்) ஒட்டிப்போய்விட்டது. தவிர, உலாவுபவர் எதையும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ‘புத்தாய்வு’ ஆய்வேட்டின் வாடை வீசும் சொல். துழாவுபவரோ என்ன கிடைக்கும் என்று அறியாமலேயே கைவைக்கிறார். கைக்கு எட்டியது எதுவானாலும் அதன் வடிவையும் தன்மையையும் அறிய முயல்கிறார். கண்ணாலும் துழாவலாம் என்பது இச்சொல்லுக்குக் கூடுதல் வலிமை.

இந்த வேறுபாடு வெறும் சொல்லழகைப் பற்றியதன்று. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் பலர் ஆடும் உலகில் படமே இல்லை. அறையின் விவரிப்பு எழுத்தாக வரும், ஆட்டக்காரர் ஒவ்வொரு திசையாகத் தட்டச்சுச் செய்து பார்த்துத்தான் உலகின் அமைப்பை மனத்தில் வரைந்துகொள்வார். பின்னர் 1996இல் பார்ட்டில் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், துழாவுபவர், பழகுபவர், தாக்குபவர் என நால்வகையாகப் பிரித்தபோது, இரண்டாம் வகையினருக்கு நிலப்பரப்பில் மட்டுமன்றி, உலகம் எந்த விதிகளால் இயங்குகிறது என்பதிலும் ஆர்வம் மிகுதி என்று காட்டினார். இரண்டு பொருட்களைச் சேர்த்தால் என்ன ஆகும், இந்தச் சுவரின் மூலையில் ஏறினால் எங்கே போய் விழுவோம், நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பனவெல்லாம் அவர்களுடைய வினாக்கள். இதை ‘உலாவல்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, தொலைவில் தெரிந்து ஆட்டக்காரரைத் தன்பால் இழுக்கும் மலை, கோபுரம், ஒளித்தூண் போன்றவற்றுக்கு ஒரு சொல் தேவை. ‘நிலக்குறி’ போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நிலக்குறி நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். இங்கே வேண்டுவது எங்கே போகத் தோன்றுகிறது என்பதைக் குறிக்கும் சொல். 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டில் நுழைவுத் தெருவின் மறுகோடியில் தெரியும் கோட்டை இதே வேலையைச் செய்கிறது. வால்ட் டிஸ்னி இத்தகையவற்றுக்கு வைத்த செல்லப்பெயர், நாயைக் கூட்டிச்செல்லக் காட்டும் தொத்திறைச்சித் துண்டைக் கருதியது. (அதை அப்படியே பெயர்த்தால் நம் கலைச்சொல் பட்டியல் உணவுப் பட்டியலாகிவிடும்.) ‘ஈர்குறி’ என்று வினைத்தொகையாக அமைக்கலாம். ‘ஈர்விசை’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் இது புதுமையாகவும் தோன்றாது. இரண்டு குறி என்று பொருள் கொண்டுவிடுவார்களோ என்னும் ஐயத்துக்கு இடமில்லை, ஏனெனில் எண்ணைக் குறிக்கும் ‘ஈர்’ உயிரெழுத்துக்கு முன்னரே வரும். மெய்க்கு முன் ‘இரு’ என்றுதான் நிற்கும்.

ஈர்குறி மட்டும் துழாவலைத் தூண்டிவிடாது, மறைப்பும் வேண்டும். இணையவழி விளையாட்டு அல்லவென்றாலும், 2017இல் வெளியான ‘பிரெத் ஆஃப் த வைல்டு’ இதற்குத் தெளிவான சான்று. அதன் வடிவமைப்பாளர்கள் விளக்கியபடி, நிலப்பரப்பின் மேடுகள் முக்கோண வடிவை ஒட்டி அமைக்கப்பட்டன. முக்கோணம் தன் பின்னால் இருப்பதை மறைக்கிறது. ஏறிக் கடப்பதா, சுற்றிச் செல்வதா என்ற தெரிவையும் தருகிறது. மேலே போகப்போகப் பின்னிருப்பது சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. பெரிய முக்கோணம் ஈர்குறியாகிறது, நடுத்தரமானது பார்வையை மறைக்கிறது, சிறியது நடையின் தாளத்தை மாற்றுகிறது.

ஆட்டக்காரரின் பார்வைக்கு எட்டாத பகுதிகளை வரைபடத்தில் மூடிவைக்கும் ‘ஃபாக் ஆஃப் வார்’ என்பதைப் ‘போர்மூடுபனி’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. போரே இல்லாத விளையாட்டுகளிலும் அது உண்டு. இங்கே இரண்டு கருத்துகளைப் பிரிக்க வேண்டும். இதுவரை கண்டிராத பகுதி ‘காணாப்புலம்’. முன்பு கண்டு, இப்போது பார்வைக்கு அப்பால் இருப்பது ‘மறைபுலம்’. ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டில் 2009இல் சேர்க்கப்பட்ட, புழுத்துளை (வார்ம்ஹோல்) வழியே மட்டும் செல்லக்கூடிய மண்டலங்கள் சுமார் 2,500. அங்கே செல்லும் வழிகள் நிலையானவையல்ல. காலம் கடந்தாலோ, வரம்பை மீறிய நிறையுள்ள கப்பல்கள் கடந்து சென்றாலோ வழி மூடிவிடும். அங்கிருக்கும் பிற விமானிகளின் பெயர்களும் அவர்களாகப் பேசினாலொழிய அரட்டைப் பட்டியலில் தெரியா. ஒரு முறை வரைந்த வரைபடம் மறுநாள் உதவாத இத்தகைய உலகில் துழாவல் முடிவதே இல்லை. காணாப்புலம் தீர்ந்த பின்னும் மறைபுலம் மிஞ்சும் என்பதை இவ்விரு சொற்களும் காட்டிவிடுகின்றன.

‘புரொசீஜரல் ஜெனரேஷன்’ என்பதற்குச் ‘செயல்முறை உருவாக்கம்’ பொருளை மங்கச் செய்கிறது. ‘விதிவழி ஆக்கம்’ என்றால் கணினி விதிகளைக் கொண்டு உலகை ஆக்குவது விளங்கும். தலைவிதியை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 2016இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ இவ்வாறு 1,84,467 கோடி கோடிக்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தது. இருந்தும், சில கோள்களைப் பார்த்த பின் மற்றவையும் அவைபோலவே இருக்கின்றன என்பதே அப்போது பரவலாக எழுந்த குறை. பரப்பு பெருகுவதும் துழாவும் ஆவல் பெருகுவதும் வெவ்வேறு.

இதன் மறுதலை பயணத்தின் எளிமை. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ 2007இல் ஒரு புதிய நிலத்தில் மட்டும் பறக்க விட்டது, 2010இல் பழைய கண்டங்களிலும் பறக்கலாம் என்றது. மேலிருந்து நேராக இலக்கில் இறங்கிவிட்டால் இடையிலுள்ள பள்ளத்தாக்கும் குகையும் எதற்கு? 2014இல் வந்த கண்டத்தில் பறத்தலை நிறுத்திவைத்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டு எட்டப்பட்ட சமரசம் கவனத்துக்குரியது: அந்நிலம் முழுவதையும் முதலில் தரைவழியே துழாவி, குறித்த பணிகளை முடித்தவருக்கே பறக்கும் உரிமை கிடைத்தது. இடைவழியைக் கடக்காமல் வேண்டிய இடத்துக்கு உடனே போய்ச்சேரும் ‘ஃபாஸ்ட் டிராவல்’ என்பதற்கு ‘விரைபயணம்’ போதும். ‘தாவல்’ உலாவியின் டேபுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

‘ஓப்பன் வேர்ல்டு’ குறித்து ஒரு சொல். ‘கட்டற்ற உலகம்’ எனில் கட்டற்ற மென்பொருளோடு குழம்பும். ‘திறந்த உலகம்’ பலர் வாயில் வந்துவிட்டதால் அதை மாற்ற முனைவது வீண். ஆனால் பகுதிகளுக்கிடையே காத்திருப்பின்றித் தொடரும் உலகைக் குறிக்கும் ‘சீம்லெஸ்’ என்பதையும் அதற்குள் அடக்க வேண்டாம். 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குச் செல்கையில் ஏற்றத்திரையைக் (லோடிங் ஸ்கிரீன்) காட்டிக் காத்திருக்க வைத்தது, ஆயினும் விரும்பிய திசையில் செல்லத் தடையில்லை. அது திறந்த உலகம், ‘இடையறா உலகம்’ அன்று.

துழாவுநர், துழாவல் தூண்டும் வடிவமைப்பு, துழாவற்புள்ளி எனக் கிளைச்சொற்கள் தடையின்றி வருகின்றன. எவருக்கேனும் ‘துழாவல்’ ஒலியளவில் உறுத்தினால், மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் அமைத்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘இன்ஸ்டன்ஸ்’, ‘ஷார்டு’ இரண்டும் ஒரே உலகின் பிரதிகளைக் குறித்தாலும், முதலாவது ஒரு குழுவுக்காகத் தற்காலிகமாக உருவாவது, இரண்டாவது வழங்கிவாரியாக (சர்வர்) நிலைப்பது. அவற்றுக்குரிய சொற்களைத் தனி இழையில் பேசலாம்.