'சார்பு' போதாது: ஆக்கத்தேவை, இயக்கத்தேவை என இரு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நமது சொற்பிழைதிருத்தியின் சொற்பட்டியலைச் சி மொழிக் கோப்பாக மாற்றித் தரும் வேலையைப் பைத்தான் குறுநிரல் (ஸ்கிரிப்ட்) ஒன்றிடம் ஒப்படைத்தபோது, நிறுவல் குறிப்பில் 'சார்பு: பைத்தான் 3' என்று ஒரு வரி சேர்த்தவன் நான். சார்பு என்று இங்கே சொல்வது டிபென்டன்சியை, அதாவது ஒரு நிரலுக்கு வேண்டிய பிற மென்பொருளை. போன வாரம் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். அங்கே கணக்கு ஆசிரியை ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, கணினி அறையின் பன்னிரண்டு விண்டோஸ் கணினிகளிலும் பைத்தானை ஒவ்வொன்றாக இறக்கி நிறுவி முடித்திருந்தார். அரை நாள் வேலை அது. அவர்களுக்குப் பைத்தான் தேவையே இல்லை. தொகுத்து முடித்த, அதாவது மூலநிரலிலிருந்து இயங்குகோப்பாக்கிய நிரலுக்குள் சொற்பட்டியல் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. "சார், பைத்தான் இல்லாமல் இது ஓடாது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் சொல் அப்படித்தான் சொல்கிறது.

'சார்பு' எது எதைச் சார்ந்தது என்று காட்டுகிறதே ஒழிய, எப்போது சார்ந்தது என்று காட்டுவதில்லை. போதாததற்கு, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் 'உறவுகளும் சார்புகளும்' படித்தவர்களுக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன். நிரலாக்கக் குறிப்பில் இந்த இரு பொருளும் அடுத்தடுத்த வரிகளில் வரக்கூடும்.

லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனின் மென்பொருள் பொதிகளுக்கான கட்டுப்பாட்டுக் கோப்பில் பில்ட்-டிபென்ட்ஸ் (தொகுக்க வேண்டியவை), டிபென்ட்ஸ் (இயங்க வேண்டியவை) என்று இரு தனிப் புலங்கள் உள்ளன. லினக்ஸ் கருவை (கெர்னலை) தொகுக்கும்போது பெர்ல் மொழிக் குறுநிரல்கள் சில பயன்படுகின்றன. அதற்காக, தொகுத்த கரு இயங்கப் பெர்ல் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நமக்கும் அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

எனவே ஆக்கத்தேவை, இயக்கத்தேவை என்ற இணையை முன்மொழிகிறேன். நிரலைத் தொகுக்கும்போது மட்டும் வேண்டியது ஆக்கத்தேவை; தொகுத்த நிரல் ஓடும்போது வேண்டியது இயக்கத்தேவை. சோறு ஆக்க அடுப்பு வேண்டும், உண்பவரின் இலைக்கு அடுப்பு வராது. 'ஆக்குதல்' நம் வீடுகளில் இன்றும் புழங்கும் வினை என்பதால், விளக்கம் கேட்காமலே பொருள் பிடிபடும் என்று நம்புகிறேன். 'ஆக்கத்தேவைகள்', 'ஆக்கத்தேவைக்கு' என்று வேற்றுமையும் பன்மையும் இடறாமல் வருகின்றன.

முன்மடலில் 'உருவாக்கச் சார்பு' என்று பரிந்துரைத்த நண்பருக்கு: 'மென்பொருள் உருவாக்கம்' என்பதை எழுதுதல், சோதித்தல் உள்ளிட்ட முழுப் பணிக்கும் வழங்கிவிட்டோம், ஐயா. மூலநிரலை இயங்குகோப்பாக்கும் அந்த ஒரு கட்டத்துக்கு வேறு சொல் வேண்டும். 'கட்டுமானம்' என்ற உவமை எனக்கும் பிடித்திருந்தது; சவுக்குக் கம்பால் கட்டும் சாரம் வீடு முடிந்ததும் பிரிக்கப்படுவதை நினைத்துச் 'சாரத்தேவை' என்றுகூட எழுதிப் பார்த்தேன். ஆனால் சாரம் என்றதும் பிழிவு என்ற பொருள் முந்திக்கொள்கிறது. விட்டுவிட்டேன்.

பைத்தான், பெர்ல் போன்ற ஸ்கிரிப்ட் மொழிக்குக் 'குறுநிரல் மொழி' என்பதையே வைத்துக்கொள்ளலாம். எழுத்துமுறையைக் குறிக்கும் 'வரிவடிவம்' இங்கே பொருந்தாது.

எதிர்ப்பு இல்லையெனில் ஞாயிறன்று நிறுவல் குறிப்பை இப்படித் திருத்துகிறேன்:

ஆக்கத்தேவை: சி தொகுப்பி, பைத்தான் 3 (மூலநிரலிலிருந்து தொகுப்பவர்களுக்கு மட்டும்).
இயக்கத்தேவை: எதுவும் இல்லை.