ஈ ஸ்ட்ரிங் அடித்தால் ஸ்பீக்கர் படபடக்கிறது: பிக்அப் மாற்றவா, பாக்ஸ் மாற்றவா?

செக்கானூரணி பேஸ்:

எல்லோருக்கும் வணக்கம். செக்கானூரணிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். கோயில் திருவிழாவும் கல்யாண வரவேற்பும்தான் எங்களுக்கு வேலை. கிடார் ஜாஸ் பேஸ் மாடல், நாலு ஸ்ட்ரிங் (கனமானது, தாழ்ந்தது ஈ; பிறகு ஏ, டி, ஜி), ஸ்ட்ரிங் அதிர்வைக் கரண்ட்டாக மாற்றும் பிக்அப் இரண்டு, இரண்டும் ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆம்ப் டிரான்சிஸ்டர் ஹெட் (உள்ளே ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), பின்னால் 4 ஓமுக்கு 200 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது.

ஸ்பீக்கர் பாக்ஸ் நானே செய்ய வைத்தது. எங்கள் ஊர் ஆசாரி 18 மில்லி பிளைவுட்டில் அடித்துக் கொடுத்தார். உள்ளளவு 20 அங்குல உயரம், 16 அகலம், 13 ஆழம். ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 8 ஓம். முன்பலகையில் ஸ்பீக்கருக்குக் கீழே காற்றுப் போக 3 அங்குல ஓட்டை இரண்டு.

வீட்டில் வாசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் வால்யூம் ஏற்றியதும் ஈ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட் வரைக்கும் ஸ்பீக்கரின் கோன் (முன்னால் அசையும் காகிதக் கூம்பு) வெளியே குதிக்கிற மாதிரி ஆடுகிறது, படபடவென்று சத்தம். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கே அந்த சுரம் கேட்கவில்லை. பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் இன்னும் மோசம். டி, ஜி ஸ்ட்ரிங் இரண்டும் அருமையாகப் பேசுகின்றன.

இன்னொன்று, ஒரு பிக்அப்பின் வால்யூமைக் குறைத்தால் ங்ங்ங் என்று இரைச்சல். மேடையில் சீரியல் லைட் போட்டதும் கூடிவிடுகிறது.

பிக்அப்பில் வலு இல்லை, அதை மாற்று என்கிறார் எங்கள் கீபோர்டுகாரர். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. பிக்அப்புக்குப் போடலாமா? தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

கீழவாசல் ஸ்பீக்கர் சர்வீஸ்:

தம்பி, பிக்அப்பைத் தொடாதீர்கள். வலு இல்லாத பிக்அப் என்றால் எல்லா ஸ்ட்ரிங்கும் சோர்ந்து கேட்கும். உங்களுக்கு டி, ஜி இரண்டும் நன்றாகப் பேசுகின்றன, தாழ்ந்த சுரத்துக்குப் போனால்தான் கோன் குதிக்கிறது. பாக்ஸில் இருக்கிறது விஷயம். நீங்கள் உள்ளளவைச் சரியாக எழுதியிருப்பதால் கணக்குப் போட்டே சொல்ல முடிகிறது.

20, 16, 13 பெருக்கினால் 68 லிட்டர். ஸ்பீக்கர் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 65 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். முன்னால் போட்ட ஓட்டை காற்றுப் போவதற்கு மட்டும் இல்லை. அந்த ஓட்டையில் நிற்கும் காற்றும் பாக்ஸுக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இத்தனை தடவை என்ற கணக்கில், அதிரும். அந்த ஹெர்ட்ஸில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், சத்தத்தை ஓட்டையே கொடுக்கும். அதற்குக் கீழே போய்விட்டால் காற்று ஓட்டை வழியாகச் சும்மா உள்ளே வெளியே போய்வரும், கோனைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. உங்கள் பாக்ஸில் வெறும் பலகை கனத்துக்கு, அதாவது 18 மில்லி நீளத்துக்குத்தான் ஓட்டை இருக்கிறது. அதனால் அந்த இடம் 70 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கிறது.

இப்போது கிடாரைப் பாருங்கள். ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ். மூன்றாவது ஃப்ரெட் 49. ஓப்பன் ஏ 55. எல்லாமே 70-க்குக் கீழே. ஓப்பன் டி 73, ஜி 98, அதனால் அவை தப்பிக்கின்றன. நீங்கள் எழுதியதும் அதேதானே! ஒரே சத்த அளவுக்கு, ஹெர்ட்ஸ் பாதியானால் கோன் நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். அதற்கு மேல் பேஸ் குமிழையும் திருப்புகிறீர்கள். 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும், 6 டெசிபலுக்கு நாலு மடங்கு. அந்தப் பவரெல்லாம் கோனை ஆட்டுவதற்கே போகிறது. இப்படியே இன்னும் சில கச்சேரி வாசித்தால் கோனை ஆட்டும் காயில் உரசி, அதை நடுவில் பிடித்திருக்கும் ஸ்பைடர் துணி கிழிந்து ஸ்பீக்கரே போய்விடும். என் மேசைக்கு வரும் பேஸ் ஸ்பீக்கர்களில் காயில் கருகி வருவதைவிட இப்படி ஆடி ஆடிக் கிழிந்து வருவதுதான் அதிகம்.

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். பழைய துண்டு இரண்டை இறுக்கமாகச் சுருட்டி இரண்டு ஓட்டையையும் அடைத்துவிட்டு, பேஸ் குமிழை நடுவில் வைத்து ஓப்பன் ஈ வாசித்துப் பாருங்கள். மூடிய பாக்ஸில் உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடிக்கும். குதிப்பது அடங்கினால் நான் சொன்னதுதான் காரணம்.

அடங்கினால் அடுத்தது பிளம்பிங் கடை. 75 மில்லி பிவிசி பைப், 12 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. ஓட்டையில் முன்பலகைக்குச் சமமாக உள்ளே தள்ளிப் பசை போட்டு, சுற்றிலும் சீலன்ட் அடைத்துவிடுங்கள். 70-ல் இருந்தது 45 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். ஆழம் 13 அங்குலம் இருப்பதால் பைப்பின் பின்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைக்கும், அது முக்கியம்.

ஆனால் அதற்கு முன் ஸ்பீக்கரின் விவரத்தாளைப் பாருங்கள். எஃப்எஸ் என்று ஒரு எண் இருக்கும், ஸ்பீக்கர் தனியாக அதிரும் ஹெர்ட்ஸ். அது 40, 45 என்றால் பைப் போடுங்கள். 60-க்கு மேல் என்றால் அது மிட் வேலைக்குச் செய்த ஸ்பீக்கர், பைப் போட்டும் பெரிய பலன் இல்லை, ஓட்டையைப் பலகை வைத்தே மூடிவிடலாம். இந்த எண்களை வைத்துப் பாக்ஸ் கணக்குப் போடும் முறையை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-ல் எழுதினார், 1970-களின் தொடக்கத்தில் ஸ்மால் என்பவர் விரித்தார். இன்று நல்ல கம்பெனி ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் அந்த எண்கள் தாளில் இருக்கும். தாள் தராத ஸ்பீக்கரைப் பேஸுக்கு வாங்காதீர்கள்.

மூடிய பாக்ஸ் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1969-ல் வந்த ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி என்ற பேஸ் ஆம்புக்கு வைத்த, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் போட்ட கேபினெட் மூடியதுதான். உலகம் முழுக்க மேடைகளில் இன்னும் நிற்கிறது. 41 ஹெர்ட்ஸ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நம் காது ஈ ஸ்ட்ரிங்கை அடையாளம் காண்பதே பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வரும் துணைச் சுரங்களை வைத்துத்தான்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, துண்டால் அடைத்த நிலையில் பாக்ஸின் மூட்டு, வயர் போகும் இடம், ஜாக் தகடு ஓரமெல்லாம் காட்டிக்கொண்டே யாரையாவது ஈ வாசிக்கச் சொல்லுங்கள். புகை நடுங்கும் இடத்தில் காற்றுக் கசிகிறது. படபட சத்தத்தில் பாதி அங்கிருந்தும் வரலாம்.

அப்புறம், ஹெட்டில் இருந்து பாக்ஸுக்கு என்ன வயர் போகிறது? கிடார் கேபிளாக இருந்தால் உடனே மாற்றுங்கள். அதன் உள்கம்பி மிக மெல்லியது, ஸ்பீக்கர் கரண்ட்டுக்குச் சூடாகும். 1.5 ஸ்கொயர் எம்எம் இரண்டு கம்பி வயர் போதும்.

பசுமலை நாலு ஸ்ட்ரிங்:

சர்ச் கொயரில் பேஸ் வாசிக்கிறேன், என்னுடையதும் ஜாஸ் பேஸ்தான். தம்பி என்றே எழுதுகிறேன், உங்களைவிட நிச்சயம் மூத்தவளாக இருப்பேன். பாக்ஸைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரைச்சலைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜாஸ் பேஸில் இரண்டு பிக்அப்பையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஸ்ட்ரிங் சத்தம் மட்டும் கூடும். ஒன்றைக் குறைத்தால் மற்றது தனியாக நிற்கும், அப்போது ங்ங்ங். அது உங்கள் கிடாரின் கோளாறு இல்லை, சிங்கிள் காயிலின் சுபாவம். 1957-ல் பிரசிஷன் பேஸ் என்ற மாடலுக்கு ஃபெண்டர் கம்பெனி இரண்டாகப் பிளந்த காயில் வைத்தபோது அந்தக் கிடாரில் இரைச்சல் அடங்கியது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் வேறு குரலுக்காக இரண்டு தனிக் காயிலோடு வந்தது. அந்தக் குரலுக்காகத்தான் நான் இதை விடாமல் வைத்திருக்கிறேன். மேடையில் இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்து வையுங்கள், குரல் மாற்றத்தை டோன் குமிழிலும் விரல் வைக்கும் இடத்திலும் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிங் முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் தள்ளி அடித்தாலே எவ்வளவோ மாறும்.

ஒரு சோதனை. இரைச்சல் வரும்போது ஸ்ட்ரிங்கைக் கையால் தொடுங்கள். குறைந்தால் எர்த் ஒயரிங் சரி, உள்ளே கவசம்தான் போதவில்லை. பிக்அப் குழியிலும் குமிழ் குழியிலும் செம்புத் தாள் ஒட்டி, துண்டுகள் ஒன்றோடொன்று சேரும்படி பார்த்து, அதை வால்யூம் குமிழின் முதுகுக்கு ஒரு கம்பி வைத்துப் பற்றவைத்தால் சீரியல் லைட் இரைச்சல் நன்றாகவே குறையும். தொட்டும் மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் கம்பி விட்டிருக்கிறது. பிரிட்ஜைக் கழற்றிப் பாருங்கள்.

பிக்அப் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் போதும். ஜாஸ் பிக்அப் 7, 8 கிலோ ஓம் அளவில் காட்டும். மிக அதிகமாகவோ ஒன்றுமே காட்டாமலோ இருந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அப்போதுதான் புது பிக்அப் பேச்சு.

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரைச்சல் போகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை யாராவது உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். திருவிழா மேடையில் ஜெனரேட்டர், இழுத்த வயர், ஈரத் தரை எல்லாம் உண்டு. ஒரு கை ஸ்ட்ரிங்கில், வாய் மைக்கில், நடுவில் 230 வோல்ட். மிக்சருக்குப் போகும்போது இரைந்தால் கிடார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்ன டிஐ பாக்ஸ் போட்டு அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது.

செக்கானூரணி பேஸ்:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. துண்டு அடைத்து வாசித்தேன். கோன் அடங்கிவிட்டது, ஓப்பன் ஈ சுரமாகவே கேட்கிறது. எங்கள் டிரம்ஸ்காரர் வேறு ஆம்ப் வாங்கிவிட்டாயா என்று கேட்டார். ஊதுபத்தி காட்டியதில் ஜாக் தகடு ஓரத்தில் புகை ஆடியது, அடைத்துவிட்டேன். வயரையும் மாற்றியாயிற்று. ஸ்பீக்கர் தாளில் எஃப்எஸ் 43 என்று இருக்கிறது, அதனால் பைப் போடப் போகிறேன். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, செம்புத் தாளும் ஒட்டிவிடுகிறேன்.

8,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. திறந்தவெளி மேடைக்கு இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டும். பெரிய ஹெட் வாங்கச் சேர்த்து வைக்கவா?

கீழவாசல் ஸ்பீக்கர் சர்வீஸ்:

43 என்றால் தாராளமாகப் பைப் போடுங்கள். ஹெட் வேண்டாம். உங்கள் ஹெட் 4 ஓமுக்கு 200 வாட்ஸ். இப்போது 8 ஓம் ஒன்றுதான் மாட்டியிருக்கிறீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வெளியே வருகிறது. அதே ஸ்பீக்கர், அதே அளவு, அதே பைப் நீளத்தில் ஆசாரியிடம் இன்னொரு பாக்ஸ் அடித்து பேரலலாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். ஆம்ப் முழுதாகக் கொடுக்கும், காற்றைத் தள்ளும் பரப்பும் இரட்டிப்பு. மூன்றாவது பாக்ஸ் மட்டும் மாட்டிவிடாதீர்கள், 2.7 ஓமுக்குப் போய் ஹெட் சூடாகும்.

இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள், மேல் ஸ்பீக்கர் உங்கள் காதுக்கு இன்னும் கிட்டே வரும். மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரி செல்லின் ப்ளஸை ஸ்பீக்கர் ப்ளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு பாக்ஸிலும் கோன் வெளியே வர வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதன் வயரைத் திருப்பி மாட்டுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்று, இருக்கிற பேஸும் காணாமல் போய்விடும். புது ஸ்பீக்கரை அடைக்கும் முன் தாளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.