சிலை வார்க்கிறவன் முகத்தைக் காட்டி வியாபாரம் பண்ணலாமா?

சுவாமிமலை90: வணக்கம். அப்பாவோடு சுவாமிமலையில் பட்டறை வேலை, 1990-ல் பிறந்தவன். சென்னையில் இருக்கும் என் செட்டு நண்பர்கள் லிங்க்ட்இன்னில் தங்களைப் பற்றி எழுதியே நல்ல வேலைக்கு மாறிவிட்டார்கள், நீயும் உன் பெயரில் இன்ஸ்டாகிராம் தொடங்கு, முகத்தைக் காட்டு, பட்டறை பெயர் யார் மனசிலும் நிற்காது என்கிறார்கள். எங்கள் வீட்டில் சிலையில் பெயர் பொறிக்கும் வழக்கமே இல்லை. நான் போனை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். ஆனால் ஆர்டர் எல்லாம் கடைக்காரர்கள் வழியாகத்தான் வருகிறது, சிலை யார் வீட்டுக்குப் போகிறது என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

குடந்தைவாசி: தாராளமாகத் தொடங்குங்கள் தம்பி. தன்னையே பிராண்டாக்கும் பேச்சு 1997-ல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் எழுதிய கட்டுரையில் பிரபலமானது, அது ஆபீஸ் வேலைக்காரர்களை மனசில் வைத்து எழுதியது. அவர்களுக்குக் காட்ட முகம்தான் இருக்கிறது, உங்களுக்கு வேலையே இருக்கிறதே! தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பது, அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசுவது, சூட்டில் மெழுகு உருகி ஓடுவது, உலோகம் ஊற்றி ஆறியதும் அச்சை உடைப்பது, இதையெல்லாம் வீடியோவில் காட்டுங்கள். அச்சு உடைந்துபோவதால் அதே சிலை இன்னொன்று வராது, வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. கை மட்டும் தெரிந்தால் போதும். சிலைக்குக் கண் செதுக்கித் திறக்கும் சடங்கை மட்டும் தயவுசெய்து வீடியோ எடுக்காதீர்கள்.

மாயவரத்துஅக்கா: கை மட்டும் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். சுவாமிமலைச் சிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சரி, அது ஊரைத்தான் சொல்லும். செய்தது யார் என்று எப்படித் தெரியும்? அப்பா பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், அவர் உழைப்பும் வெளியே தெரியட்டும்.

திருவாரூர்க்காரன்: ஒன்றை மறக்க வேண்டாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள், புடவை விற்ற என் அத்தை மகளுக்கு அதுவரை சேர்த்த ஆட்கள் மொத்தமும் போயிற்று, ஒருத்தர் நம்பர்கூட அவளிடம் இல்லை. கேட்டு வருகிறவர்களின் பெயர், ஊர், நம்பரை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். கோயிலுக்குப் போகிற சிலை என்றால் ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்காமல் படம் போடாதீர்கள்.

சுவாமிமலை90: நன்றி. அப்பா பெயரை முதலில் போடுவதாக இருந்தால் அவரிடம் பேசிப் பார்க்கிறேன். விலை போடலாமா?

குடந்தைவாசி: இப்போதைக்கு வேண்டாம், கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டால் சிரமம். உயரம், எடை, எத்தனை நாள் வேலை, இதை மட்டும் போடுங்கள்.