நோயால் விழுந்த மதிப்பெண்களை மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது? (டெக்சாஸ்)

மதுரைமல்லி:
வணக்கம். வருகிற மே மாதம் டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவும், வெளி மாநிலங்களுக்கு ஆம்காஸ் என்ற இன்னொரு சேவை வழியாகவும் விண்ணப்பிக்கப் போகிறேன். எம்கேட் நுழைவுத் தேர்வு முடிந்தது, சிபாரிசுக் கடிதங்களும் தயார். ஒரு பத்தி மட்டும் இரண்டு வாரமாக நகரவில்லை.

இளநிலைப் படிப்பின் முதலாண்டில் என் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி, 4-க்கு) 3.8. 2022 ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி, பிசிக்ஸில் டி. அடுத்த ஸ்பிரிங் (வசந்தகால) செமஸ்டரும் அதே கதிதான். அந்த வருஷம் மட்டும் 2.3. தூக்கம் கிடையாது, பேனா பிடித்தால் கை நடுங்கும், படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120. மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டேன். மாணவர் கிளினிக்கில் இரண்டு முறை பரீட்சை டென்ஷன் என்று சொல்லி அனுப்பினார்கள். 2023 தொடக்கத்தில் வேறொரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்த பிறகுதான் கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது. மெத்திமசோல் மாத்திரை ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டேன். இப்போது மாத்திரை இல்லை, அளவுகள் சரியாக இருக்கின்றன. கடைசி இரண்டு வருஷம் 3.9. மொத்தம் 3.5.

அம்மா எழுதவே கூடாது என்கிறார். "நோயாளியை யாரடி டாக்டருக்குப் படிக்க எடுப்பார்கள்? நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இதுவும் வெளியே வரும்" என்று அழுகிறார். எழுதினால் எங்கே, எவ்வளவு எழுதுவது?

ராஜபாளையம்72:
தங்கச்சி, அந்த டி வாங்கிய பிசிக்ஸைத் திரும்ப எடுத்துவிட்டால் பழையது அழிந்துவிடும். அப்புறம் விளக்கமே தேவைப்படாதே?

ஹூஸ்டன் அக்கா:
அண்ணா, அது பழைய கதை. ஆஸ்டியோபதி எனும் இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளுக்கான ஆகோமாஸ் விண்ணப்பச் சேவையில் அப்படி ஒரு வழி இருந்தது, 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆம்காஸ், டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். இரண்டுமே எல்லா முயற்சியையும் கணக்கில் எடுக்கும். திரும்ப எடுத்து ஏ வாங்கினால் நல்லது, ஆனால் டி-யும் பக்கத்திலேயே நிற்கும்.

மல்லி, நான் இப்போது மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. எனக்கும் ஒரு மோசமான செமஸ்டர் உண்டு, எனக்குக் காசநோய். நான் எழுதினேன். நீ எழுதாவிட்டால் படிப்பவர் 3.8, 2.3, 3.9 என்ற வரிசையைப் பார்த்துக் காரணத்தை அவராகவே கற்பனை செய்துகொள்வார். கற்பனை எப்போதும் நம் பக்கம் சாயாது.

பெர்சனல் ஸ்டேட்மென்டில் மட்டும் இதைக் கொண்டுவராதே. ஏன் டாக்டராக வேண்டும் என்று சொல்லவேண்டிய இடம் அது. டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ்.-இல் விருப்பக் கட்டுரை என்று தனியாக 2,500 எழுத்து இடம் இருக்கிறது. இந்த விஷயத்துக்கு அதுதான் சரி. நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, எனக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஆம்காஸ் கல்லூரிகள் பிறகு அனுப்பும் செகண்டரி (இரண்டாம் கட்ட) விண்ணப்பத்தில் பல இடங்களில் "படிப்பில் தடை ஏதும் ஏற்பட்டதா?" என்று நேரடியாகவே கேட்பார்கள். அங்கே எழுது.

மதுரைமல்லி:
நன்றி அக்கா. நான் எழுதிய ஆரம்பம் இது (தமிழில் சொல்கிறேன்): "இரவு முழுவதும் என் இதயம் கூண்டுப் பறவைபோல் அடித்துக்கொண்டது. யாரும் என்னை நம்பவில்லை. கிளினிக் என்னைக் கைவிட்டது. என் கனவு கண்முன்னே சரிந்தது..." இப்படியே ஒரு பக்கம் போகிறது.

முன்னாள் ஆலோசகர்:
அம்மா மல்லி, மருத்துவப் படிப்புக்குப் போகும் மாணவர்களுக்குக் கல்லூரியில் எட்டு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். நீங்கள் பட்டது உண்மையான கஷ்டம். அதை நம்ப வைக்கப் பறவை வேண்டாம், தேதி போதும். கிளினிக்கைப் பற்றிய வரியை முழுதாக எடுத்துவிடுங்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படிப்பவரும் ஒரு டாக்டராக இருக்கலாம், அந்த வரியில் அவர் கவனம் உங்களை விட்டு வேறு பக்கம் போய்விடும்.

இப்படி வைத்துப் பாருங்கள்:

"2022 ஃபால், 2023 ஸ்பிரிங் ஆகிய இரண்டு செமஸ்டர்களிலும் என் மதிப்பெண்கள் மற்ற ஆண்டுகளைவிடக் குறைவு. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் எனக்குக் கண்டுபிடிக்கப்படாத கிரேவ்ஸ் நோய் இருந்தது. தூக்கமின்மையாலும் நடுக்கத்தாலும் கவனமாகப் படிக்க முடியவில்லை. பாடச்சுமையைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. 2023-இல் சிகிச்சை தொடங்கியது. பிசிக்ஸை மறுபடி எடுத்தேன். அதன் பிறகு நான்கு செமஸ்டர்களில், பெரும்பாலும் மேல்நிலை அறிவியல் பாடங்களில், என் சராசரி 3.9."

நோய்க்கு இரண்டே வாக்கியம். மீதி நீங்கள் செய்தது. "குறைக்கவில்லை" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்காமல் பொறுப்பு ஏற்பது அப்படித்தான். பிசிக்ஸ் உண்மையிலேயே மறுபடி எடுத்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்றால் அந்த வாக்கியம் வேண்டாம்.

மருத்துவச் சான்றிதழை நீங்களாக இணைக்காதீர்கள், கேட்டால் மட்டும் கொடுங்கள். ஆர்கானிக் பேராசிரியரோ வேறு ஆசிரியரோ அந்த வருஷத்தை நேரில் பார்த்திருந்தால், அவர் கடிதத்தில் ஒரு வரி வருவது நீங்கள் எழுதும் பத்து வரிக்குச் சமம்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை, என் வீட்டிலும் கேட்ட பேச்சுதான். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். 1973-ஆம் ஆண்டு அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் நிதி பெறும் கல்லூரி சேர்க்கைக்கு முன்பு "உடலில் குறை உண்டா?" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில். நோயின் பெயர் வேண்டாம் என்று அம்மாவுக்குத் தோன்றினால் "கண்டறியப்பட்டு முழுமையாகச் சிகிச்சை பெற்ற ஒரு உடல்நலக் கோளாறு" என்று மட்டும் எழுதலாம், அதிலும் தவறில்லை. பெயரோடு எழுதினால் தெளிவு கூடும் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் தைராய்டு என்றால் என்ன, அது எப்படிக் குணமாகும் என்று படிப்பவருக்குத் தெரியும்.

ஹூஸ்டன் அக்கா:
நேர்முகத்திலும் கேட்பார்கள், மல்லி. அரை நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற மாதிரி வாய்விட்டுப் பழகிக்கொள். எனக்கு முதல் தடவை தொண்டை அடைத்துவிட்டது. கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொன்ன பிறகு சரியானது.

மதுரைமல்லி:
பிசிக்ஸ் மறுபடி எடுத்தேன் சார், 2024-இல், ஏ வந்தது. நேற்று ராத்திரி உங்கள் வடிவத்தை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, நோயின் பெயர் இருக்கட்டும் என்றார். கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. இன்று காலை மருத்துவமனை இணையதளத்தில் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து தேதி பார்த்தேன். நோய் தெரிந்தது பிப்ரவரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது மார்ச். திருத்திவிட்டேன்.