வாண்டுகளோட திருவருகைக் கால செபம், எப்படி?

ராயபுரம் அம்மா:
பெரியவளுக்கு 6 வயசு, சின்னவனுக்கு 3. நவம்பர் 30-ஐ ஒட்டி வர்ற ஞாயிறு திருவருகைக் காலம், அதான் கிறிஸ்துமஸுக்குத் தயாராகுற நாலு வாரம், தொடங்குது. வீட்ல மெழுகுவர்த்தி ஏத்தி செபம் சொல்லலாம்னு பாத்தா, ஃபேனை நிறுத்தினா கொசு, போட்டா திரி அணையுது. மீதியைச் சின்னவன் ஊதி அணைச்சுட்டு ஹாப்பி பர்த்டே பாடுறான். நீங்கல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

பெரம்பூர்க்காரி:
பாடட்டும் விடுங்கக்கா, இயேசு பர்த்டேக்குத்தானே ரெடியாகுறோம்! வாயகன்ற கண்ணாடி பாட்டில்ல மணல் போட்டு மெழுகுவர்த்தியை நடுங்க, காத்து அண்டாது. வாரத்துக்கு ஒண்ணா மூணு ஊதா, ஒரு ரோஸ். ரோஸ் மூணாவது ஞாயித்துக்கு. கலர் கிடைக்கலன்னா வெள்ளையே போதும், பாட்டிலுக்கு வெளியே ரிப்பன் கட்டிடுங்க.

காசிமேடு மருமக:
எங்க வீட்டுக்காரர் விடிகாலை மீன் ஏலத்துக்குப் போறவர், சீக்கிரமே படுத்துருவார். அதனால ராச்சாப்பாட்டுக்கு முன்னாடியே அஞ்சு நிமிஷ செபம். பைபிள்ல லூக்கா முதல் அதிகாரத்துல வானதூதர் மரியாகிட்ட வர்றதைக் கதையா சொல்வேன், பெரியவன்தான் வானதூதர், பெட்ஷீட்தான் இறக்கை. கிறிஸ்துமஸ் குடில்ல தீவனத் தொட்டியைக் காலியா வைங்க. நல்லது ஒண்ணு செஞ்சா ஒரு வைக்கோல் போடலாம், டிசம்பர் 24 ராத்திரி பாலன் இயேசு படுக்க மெத்தை ரெடி. தம்பிகூட சண்டைன்னா எங்க பெரியவன் போட்டதைத் திரும்ப எடுத்துக்குவான், அது வேற கதை.

ராயபுரம் அம்மா:
சூப்பர்மா! ராயபுரத்துல வைக்கோலுக்கு எங்க போவேன்?

பெரம்பூர்க்காரி:
பழக்கடையில கேளுங்கக்கா, பழப்பெட்டிக்குள்ள வர்றதைச் சும்மாவே குடுப்பாங்க.