அரணையின் இமைக்கு ஒரு சொல்: இனங்காணல் பட்டியலுக்கான கலைச்சொல் விவாதம்

களுவாஞ்சிகுடியிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு,

தீவு அரணைகளை மாணவர் படிப்படியாக இனங்காண நாம் தொகுக்கும் பட்டியலில் செதில்களுக்கான சொற்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. ‘நடுவுடற் செதில் நிரை’, ‘விரலடித் தகடு’, ‘கண்மேற் செதில்’ எதிலும் எனக்கு மறுப்பில்லை. ‘சாதி’, ‘இனம்’ என்று நம் பாடநூலில் உள்ளபடியே எழுதுவோம். தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ‘பேரினம்’, ‘சிற்றினம்’ என்று முதல் பக்கத்தில் ஒருமுறை குறித்துவிட்டால் போதும். சிக்கல் கண்ணில்தான் நிற்கிறது.

ஒளி ஊடுகாட்டும் இமைக்குக் கல்முனை நண்பர் தந்த ‘கண்ணாடி இமை’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு அமைப்புகளுக்கு அது ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட கிறிஸ்மஸ் தீவையே பாருங்கள். ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் அத்தீவில், வேறெங்கும் இல்லாத அரணைகள் இரண்டு இனம் இருந்தன. இரண்டையும் விவரித்துப் பெயரிட்டவர் விலங்கியலாளர் பூலஞ்சே. எமோயா நட்டிவிடாடிஸ் 1887இலும், நீலவால் அரணையாகிய கிறிப்டோபிளெபாரஸ் எகேரியே 1889இலும் பெயர் பெற்றன.

எமோயாவின் கீழிமை மேலும் கீழும் அசையும். அதன் நடுவே ஒளி ஊடுகாட்டும் வட்டம் ஒன்று உண்டு. ஆகவே இமையை மூடிய பிறகும் அது வெளியே பார்க்கலாம். கிறிப்டோபிளெபாரஸின் கீழிமையோ மேலே எழுந்து மேலிமையுடன் ஒட்டிவிட்டது. திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. கண் முழுவதையும் அந்த ஊடுகாட்டும் இமையே நிரந்தரமாகப் போர்த்தியிருக்கிறது. இரண்டையும் ‘கண்ணாடி இமை’ என்று எழுதினால், சாதியைப் பிரித்தறிய வேண்டிய முதல் படியிலேயே மாணவர் வழி தவறிவிடுவார்.

வாலின் நீலத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அரணையின் வால் ஆபத்தில் கழன்றுவிடும். மீண்டும் வளரும் வாலுக்கு முன்பிருந்த நிறம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மதுசாரத்தில் இட்டு வைத்த மாதிரிகளிலும் நிறம் மங்கிப்போகும். இமை அப்படியல்ல, நூறாண்டு பழைய மாதிரியிலும் பார்க்கலாம்.

இது எனக்கு வெறும் சொல் விளையாட்டு அல்ல. எமோயா நட்டிவிடாடிஸ் 2010க்குப் பிறகு காட்டில் காணப்படவில்லை. பிடித்து வளர்த்தவற்றில் ஆண் ஒன்றுகூட இல்லை. எஞ்சிய கடைசிப் பெண் அரணை 2014 மே 31ஆம் திகதி இறந்தது. பெயர் பெற்று 127 ஆண்டுகளில் ஓர் இனமே முடிந்துபோனது. நீலவால் அரணையும் அத்தீவின் காடுகளில் அற்றுப்போய், மனிதர் காப்பில் இனப்பெருக்கம் செய்யப்பட்டே உயிர்தப்பியிருக்கிறது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஓநாய்ப்பாம்பு இந்த அழிவுக்கு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. இருந்தது எது, போனது எது என்று தமிழில் பிழையின்றிச் சொல்ல நமக்குச் சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: அசையும் இமையிலுள்ள வட்டத்துக்கு ‘இமைச்சாளரம்’. ஒட்டி நிலைத்த இமைக்கு ‘ஒட்டிமை’. கிறிப்டோபிளெபாரஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு ‘மறைந்த இமை’ என்று பொருள் என்பதால் ‘மறையிமை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சாதியின் பெயரை விளக்க அது உதவும். உறுப்பின் பெயராக வைத்தால், இமை எங்கோ உள்ளே ஒளிந்திருப்பதாக மாணவர் தேடத் தொடங்குவார்.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி,

‘இமைச்சாளரம்’ அருமை. அதில் கை வைக்க வேண்டாம். கதவைச் சாத்திய பிறகும் சாளரத்தால் பார்க்கலாம் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

‘ஒட்டிமை’யை ஏற்க முடியவில்லை. பொறுமை, வறுமை, ஒற்றுமை என்று படித்துப் பழகிய பிள்ளை, இதையும் ஒரு பண்புப்பெயர் என்றுதான் வாசிக்கும். “ஒட்டும் தன்மையா டீச்சர்?” என்று வகுப்பில் கேள்வி வரும். ‘விழிப்படலம்’ என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். கண் பாடத்தில் விழிவெண்படலம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டும் குழம்பும். ‘கண்செதில்’ என்றால் நீங்களே முடிவு செய்த ‘கண்மேற் செதில்’ மீது போய் மோதும்.

இந்த அமைப்பைப் பார்க்கக் கிறிஸ்மஸ் தீவுக்குப் போகத் தேவையில்லை. இரவில் மின்விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் சுவர்ப்பல்லியைச் சற்று நேரம் பாருங்கள். அது இமைப்பதே இல்லை. திடீரென்று நாக்கு நீண்டு வரும், கண்ணை வழித்துத் துடைத்துவிட்டு உள்ளே போகும். அங்கேயும் கண்மேல் இருப்பது அசையாத ஊடுகாட்டும் மூடிதான். பாம்புக்கும் அதே. வேலியோரம் கிடக்கும் பாம்புச் சட்டையின் தலைப்பகுதியை விரித்தால், மீன் செதில் போல மெல்லிய இரண்டு வட்டங்கள் தெரியும். அவை கண்மூடிகள்; சட்டையோடு சேர்ந்து உரிந்தவை.

பல்லியும் பாம்பும் இமைக்காது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தேவர்களை இமையார் என்று சொல்லும் மொழி இது. அந்த வேரையே எடுத்துக்கொள்வோம்: ‘இமையாக்கண்’. சொல்லைக் கேட்ட உடனேயே பிள்ளை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்.

இன்னொன்றையும் முன்னுரையில் சேர்த்துவிடுங்கள். ‘அரணை கடித்தால் மரணம்’ என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ அரணைகளை அடித்துக் கொன்றுவிட்டோம். அரணை எதற்கும் நஞ்சு கிடையாது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

டீச்சர்,

‘ஒட்டிமை’யை விலக்கிக்கொள்கிறேன். ‘இமையாக்கண்’ நிற்கட்டும். மீனும் இமைப்பதில்லை, ஆனால் அதற்கு இமை ஒட்டிய மூடி கிடையாது. ஆகவே சொற்கோவையில் வரையறையாக ஒரு வரி வேண்டும்: ‘கீழிமை மேலிமையுடன் ஒட்டி, ஒளி ஊடுகாட்டும் மூடியாகக் கண்ணைப் போர்த்திய நிலை.’ இந்த வரி அரணைக்குப் பொருந்தும். பல்லி, பாம்பு என்று பட்டியல் விரியும்போது அவற்றுக்கு ஏற்பத் திருத்தலாம்.

நம் வளவு அரணையையும் பட்டியலில் சேர்க்க விரும்புகிறேன். யூட்ரோப்பிஸ் காரினாட்டா, பழைய நூல்களில் மபூயா என்ற சாதியில் இருந்தது, ஆசிய இனங்களை 2002இல் பிரித்தெடுத்தார்கள். கிணற்றுக்கட்டில் வெயில் காயும்போது அருகே போய்ப் பார்த்தால், முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் மெல்லிய வரம்புகள் தெரியும். கண்ணை மூடும்போது கீழிமைதான் மேலே எழும்பும். அதில் சாளரம் இல்லை, செதில்கள் நிரம்பியிருக்கும். அதற்கு ‘செதிலிமை’ என்று எழுத நினைத்தேன். உங்கள் பண்புப்பெயர்த் தடை இதற்கும் பொருந்தும் என்பதால் ‘செதில் மூடிய இமை’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன்.

பட்டியலின் முதல் இரண்டு படிகள் இப்போது இப்படி அமையும்:

1அ. இமையாக்கண் உடையது: கிறிப்டோபிளெபாரஸ்.
1ஆ. கீழிமை அசையும்: 2ஆம் படிக்குச் செல்க.
2அ. கீழிமையில் இமைச்சாளரம் உண்டு: எமோயா.
2ஆ. கீழிமை செதில் மூடியது. முதுகுச் செதில்களில் வரம்புகள் உண்டு: யூட்ரோப்பிஸ் காரினாட்டா.

யூட்ரோப்பிஸ் சாதியில் சாளரமுள்ள இனங்களும் இருக்கின்றன. அதனால்தான் கடைசி வரியில் சாதியோடு நிறுத்தாமல் இனத்தின் பெயரையும் எழுதினேன். ஏறாவூர் நண்பர் படம் வரையும்போது, 2அ, 2ஆ இரண்டுக்கும் தலையைப் பக்கவாட்டில் காட்டி, இமை மூடிய நிலையிலேயே வரையட்டும். திறந்த கண்ணில் சாளரம் தெரியாது.